செபென்சா 31: உள்நாட்டில் செய்த ஒரு மடக்குக் கத்திக்கு 500 டாலர் கொடுக்கலாமா?

டென்வர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கிறிஸ் ரீவ் நைவ்ஸ் நிறுவனத்தின் பெரிய செபென்சா 31, மேக்னாகட் எஃகு அலகோடு, இப்போது என் அன்றாடக் கத்தி. அட்டைப்பெட்டி, கயிறு, தோட்டத்துக் குழாய், மதியத்துக்கு ஆப்பிள் எல்லாம் இதில்தான். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் பலரும் விலையைக் கேட்டுவிட்டு அத்தோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்கர். டர்பனில் கத்தி செய்துகொண்டிருந்தவர் 1989-இல் ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகருக்குக் குடிபெயர்ந்தார். 1990களின் தொடக்கத்திலிருந்து அந்த ஊரில்தான் செபென்சா தயாராகிறது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத கத்தி. இரண்டு டைட்டானியம் பலகைகள், நடுவில் அலகு, சில திருகுகள், அவ்வளவுதான். ஆனால் பிடிப்பலகை ஒன்றிலேயே ஒரு நாக்கை அறுத்து, அதையே வில்லாக வளைத்து, அலகு திறந்ததும் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கும்படி செய்தவர் ரீவ். இன்றைக்கு ‘பிரேம் லாக்’ என்று ஊரெல்லாம் விற்கிற பூட்டுக்கு மூலம் இதுதான்.

என் கட்சி இது: இந்தக் கத்தியில் காசு எஃகுக்குப் போகவில்லை, கொடி ஒட்டிய பெட்டிக்கும் போகவில்லை. செய்த கைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பதற்குப் போகிறது. கத்தியோடு ஒரு அறுகோணச் சாவி தருகிறார்கள். நீங்களே பிரித்துத் துடைத்து மாட்டிக்கொள்ளலாம், உத்தரவாதம் போகாது. அதையும் மீறி ஏதாவது என்றால் போய்சிக்கு அனுப்பிவிடலாம். பல வருஷம் முன்பு விற்ற கத்தியையும் வாங்கிப் பார்க்கிறார்கள். உள்நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லும்போது நான் அதைத்தான் எண்ணுகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

சாணைக்கல்

கத்தியை மதிக்கிறேன், விலையை மதிக்க முடியவில்லை. 500 டாலர் என்பதை முதலில் மனதில் வையுங்கள். சீனாவின் யாங்ஜியாங்கிலிருந்து வரும் வீ நைஃப் கத்திகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். இன்னொரு சீன நிறுவனமான ரியாட்டேயின் கத்தியையும் எடுத்துப் பாருங்கள். அலகு நட்டநடுவில் நிற்கும், திருகுத் தலைகள் பலகைக்குள் சமமாக உட்காரும், டைட்டானியத்தில் ஒரு கருவித் தடம் இருக்காது. விலையோ பல மாடல்களில் பாதிதான். ‘அமெரிக்கத் துல்லியம்’ என்று 1995-இல் சொன்னால் அர்த்தம் இருந்தது. அன்றைக்குப் போட்டியே இல்லை.

ஸ்பைடர்கோவையே எடுத்துக்கொள்ளுங்களேன். அந்த நிறுவனம் கொலராடோவின் கோல்டன் நகரில் சொந்த ஆலை வைத்திருக்கிறது. தைவானில் தைச்சுங்கிலும் செய்விக்கிறது. எந்த ஊரில் செய்ததோ அந்த ஊர்ப் பெயரை அலகிலேயே பொறித்துவிடுவார்கள், ஒளிவுமறைவு கிடையாது. கத்திப் பிரியர்களைக் கேட்டால், முடிப்பு வேலையில் தைச்சுங் கத்திதான் சிறந்தது என்று பாதிப்பேராவது சொல்வார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

எடையையும் பாருங்கள். பெரிய செபென்சா 130 கிராமைத் தாண்டும். ஓரிகன் சிட்டியில் செய்யும் பெஞ்ச்மேட் பக்அவுட் 52 கிராம்தான். அதுவும் உள்நாட்டுக் கத்திதான், பையில் இருப்பதே தெரியாது.

---

கோவைப்பட்டறை

நான் அமெரிக்காவில் இல்லை, கோவையில் எந்திரப் பட்டறை நடத்துகிறேன். உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது அவருடைய சிறிய செபென்சாவைப் பிரித்துப் பார்க்கக் கொடுத்தார். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், விலை எங்கே போகிறது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண மடக்குக் கத்தியில் அலகு சுழலும் அச்சுத் திருகை இறுக்கினால் இரண்டு பலகையும் சேர்ந்து அலகை நெரிக்கும். அதிகம் இறுக்கினால் கத்தி திறக்காது. தளர்த்தினால் அலகு பக்கவாட்டில் ஆடும். நடுவில் ஒரு இடம் பார்த்து, திருகுப் பசை போட்டு நிறுத்துவார்கள். நாளாக ஆக அது நழுவும், மறுபடி சரிசெய்ய வேண்டும். உலகத்தில் ஏறக்குறைய எல்லா மடக்குக் கத்தியும் இப்படித்தான்.

செபென்சாவில் அலகின் துளைக்குள் ஒரு புஷ், அதாவது சிறிய உலோகக் குழல், உட்காருகிறது. அதைச் சுற்றி அலகின் இருபுறமும் பாஸ்பர் வெண்கல வாஷர்கள். புஷ்ஷின் நீளம், அலகின் தடிமனையும் இரண்டு வாஷர்களின் தடிமனையும் கூட்டினால் வருவதைவிட மயிரிழை மட்டும் கூடுதல். திருகை முழுக்க இறுக்கினால் பலகைகள் புஷ்ஷைத்தான் பிடிக்கும், அலகைத் தொடாது. ஆக, இறுக்கம் என்பது நீங்கள் பழகிக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லை. கடைசிவரை முறுக்கி நிறுத்தலாம், அலகு வழுக்கிக்கொண்டு திறக்கும், ஆடாது.

கேட்க எளிது, செய்து பாருங்கள். அலகு, இரண்டு வாஷர், புஷ் என்று நான்கு பாகங்களின் பிழையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அலகு ஒரு துளி தடித்தால் கத்தி இறுகிவிடும், மெலிந்தால் ஆடும். இதில் அலகைப் பதம் வைக்க உலையில் போட்டு எடுக்கிறீர்கள், எஃகு கொஞ்சமாவது வளையும், அளவு மாறும். அதனால் பதத்துக்குப் பிறகுதான் இரு முகத்தையும் தேய்த்து, துளையை இறுதி அளவுக்குக் கொண்டுவர முடியும். பதம் ஏறிய எஃகில் இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் கல் எத்தனை வேகமாகக் கரையும் என்பது தெரியும். எங்கள் ஊரில் பம்ப் பாகங்களுக்கு இந்த அளவுத் துல்லியம் கேட்டால் விலையை இரண்டு மடங்காகச் சொல்வோம். சொல்வதில் தப்பும் இல்லை.

சாணைக்கல் ஐயா சொல்லும் சீனத் துல்லியத்தை நான் மறுக்கவில்லை, நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பந்து தாங்கி (பால் பேரிங்) போட்டுச் சுழற்சியை மென்மையாக்குகிறார்கள். அது வேறு வழி. பந்து தாங்கியில் மண் புகுந்தால் கரகரக்கும். தட்டையான வெண்கல வாஷரில் துளைகள் போட்டிருக்கிறார்கள், கிரீஸ் அதில் தங்கும், அழுக்கு ஏறினாலும் ஓடும். வயல் வேலைக்கும் பட்டறை வேலைக்கும் எனக்கு இதுதான் உசத்தி.

---

இடக்கையன்

பட்டறை அண்ணா, இப்படி ஒருவர் விளக்கித்தான் கேட்கவேண்டும். நன்றி.

ஒன்று சேர்க்கிறேன். நான் இடது கைப் பழக்கம். பிரேம் லாக் கத்திகள் ஏறக்குறைய எல்லாமே வலது கைக்காரருக்கு. பூட்டு நாக்கைக் கட்டைவிரலால் தள்ளவேண்டிய இடத்தில் எனக்கு ஆள்காட்டி விரல் போய் நிற்கும். அதோடு, பிடியை அழுத்திப் பிடிக்கும்போது வலது கைக்காரரின் விரல்கள் பூட்டை இன்னும் உறுதியாக்கும், எனக்கு அந்தக் கூடுதல் பலம் கிடைக்காது. செபென்சாவை முழுக்க இடம் வலம் மாற்றி, பூட்டையே எதிர்ப்பக்கத்தில் வைத்துச் செய்கிறார்கள். வெறுமனே பையில் மாட்டும் கிளிப்பை மாற்றிப் போடும் வேலை இல்லை. சின்னக் கூட்டத்துக்காக எந்திரத்தில் தனி நிரல் போட்டுப் பாகம் அறுக்க யாருக்கு மனசு வரும்? அந்த ஒரு காரணத்துக்கே என் ஓட்டு டென்வர்வாசிக்கு.

---

சாணைக்கல்

பட்டறை நண்பரின் பதிவுக்குத் தலைவணங்குகிறேன். வாஷர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

என் பெரிய மனக்குறை வேறு. பதம். கிறிஸ் ரீவ் நிறுவனம் எஸ்30வி எஃகு அலகுகளை ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் 58-59-இல் வைத்திருந்தது. பிறகு எஸ்35விஎன் வந்தபோது 59-60. அதே எஃகை மற்றவர்கள் இரண்டு புள்ளி மேலே கொண்டுபோய், இன்னும் அதிக நாள் கூர் நிற்கும்படி செய்தார்கள். கருக்கு உடைவதைவிட மடங்குவது மேல், மடங்கினால் கையில் இருக்கும் கல்லிலேயே எளிதாகத் தீட்டிக்கொள்ளலாம் என்பது ரீவின் கொள்கை. காட்டில் திரிகிறவருக்கு அது நியாயம். ஆனால் நான் கிடங்கில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க அட்டைப்பெட்டி அறுக்கிறேன். அட்டையைப்போலக் கருக்கைத் தின்னும் பொருள் வேறு கிடையாது. இத்தனை விலை கொடுத்துவிட்டு, நடுத்தர விலைக் கத்திக்கு முன்னால் என் கத்தி மழுங்கினால் எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எஸ்30வி உருவானதிலேயே ரீவுக்குப் பங்கு இருக்கிறது. குரூசிபிள் எஃகு ஆலை 2001-இல் அதைக் கொண்டுவந்தபோது, கத்திக்கென்றே ஒரு எஃகு வேண்டும் என்று கூடவே உட்கார்ந்து யோசனை சொன்னவர் அவர். எஸ்35விஎன்னிலும் அதே கூட்டுதான். பிள்ளையைப் பெற்றவரே அதை மெத்தென்று வளர்த்ததுதான் எனக்கு வருத்தம்.

---

டென்வர்வாசி

பழைய அலகுகளைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேக்னாகட் வந்தபின் அந்த வாதத்தின் பலம் நிறையக் குறைந்துவிட்டது.

உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வெளிவந்த எஃகு இது. குரோமியம் 10.7 விழுக்காடுதான். எஸ்30வியில் 14. குறைந்த குரோமியம் என்றால் துரு பிடிக்க வேண்டும் அல்லவா? பிடிப்பதில்லை. மற்ற துருப்பிடிக்காத எஃகுகளில் குரோமியத்தின் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து பெரிய பெரிய கார்பைடு கட்டிகளாக ஒதுங்கிவிடும், துருவைத் தடுக்க உதவாது. அந்தக் கட்டிகள்தான் அலகை எளிதில் உடையவும் வைப்பவை. மேக்னாகட்டில் குரோமியக் கார்பைடு உருவாகாதபடி கலவையைக் கணக்குப் போட்டு, தேய்மானத்தைத் தாங்கும் வேலையை வனேடியம், நையோபியம் கார்பைடுகளுக்கு விட்டார். குரோமியம் மொத்தமும் துருவோடு சண்டை போடக் கிடைக்கிறது. 60 முதல் 65 வரை பதம் வைக்கலாம், உறுதி போகாது. கடினமா உறுதியா என்று இனி ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

என் அலகு கடல் பக்கம் போய் வந்தும் பொட்டு வைக்கவில்லை.

---

ஒஹாயோ_உலை

எஃகுப் பேச்சு வந்துவிட்டதால் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த இழையின் தலைப்பிலேயே ‘உள்நாடு’ இருக்கிறது. எஃகு எந்த நாடு?

எஸ்30வி, எஸ்35விஎன், எஸ்45விஎன், மேக்னாகட் எல்லாமே நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் அருகே இருந்த குரூசிபிள் ஆலையில் பிறந்தவை. உருகிய எஃகை நைட்ரஜன் வாயுவால் அடித்துப் பொடியாக்கி, அந்தப் பொடியை உருளையில் அடைத்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்குவார்கள். சாதாரணமாக வார்த்தால் கார்பைடுகள் ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். பொடி வழியில் செய்தால் எங்கும் சமமாகப் பரவி நிற்கும். இந்தத் தொழில்நுட்பத்தில் முன்னோடி அந்த ஆலை. 2024 டிசம்பரில் அது திவால் மனு போட்டது. பிறகு உலை அணைந்தது. அதன் முக்கியமான சொத்துகளை எராஸ்டீல் என்ற எஃகு நிறுவனம் வாங்கியது. அவர்களுடைய பொடி உலை ஸ்வீடனில் இருக்கிறது.

கத்தி உலகத்துக்கு இது சின்ன செய்தி இல்லை. ஐடஹோவில் அறுத்து, ஐடஹோவில் பதம் வைத்து, ஐடஹோவில் பூட்டினாலும், எஃகுப் பொடி கடல் கடந்து வந்தால் அது எந்த நாட்டுக் கத்தி? சட்டம் என்ன சொல்கிறது என்றால், ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று வெறுமனே போட வேண்டுமானால் முழுவதும், அல்லது ஏறக்குறைய முழுவதும், இங்கேயே ஆனதாக இருக்க வேண்டும். மத்திய வர்த்தக ஆணையம் 2021-இல் இதை விதியாகவே ஆக்கி, மீறினால் அபராதம் என்றது. இறக்குமதிப் பொருள் கலந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் சொந்தக் கருத்து: கொடியைப் பார்த்துக் கத்தி வாங்குகிறவர்கள் எஃகு ஆலையை என்றைக்குமே பார்க்கவில்லை. கத்திக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வாங்கினாலும் ஒரு எஃகு ஆலைக்கு அது சிறிய வரும்படிதான். அதை நம்பி உலை எரியாது. இதைப் பற்றி நாம் இன்னும் நிறையப் பேசவேண்டும்.

---

டென்வர்வாசி

உலை அண்ணா, வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். ஆலை மூடிய செய்தி வந்த வாரம் எனக்கு மனசே சரியில்லை.

இருந்தாலும் என் கட்சி மாறவில்லை. எஃகு எங்கிருந்து வந்தாலும், கத்தி பழுதானால் நான் போய் நிற்கப்போவது போய்சியில்தான். வேறொரு கம்பெனியின் விலையுயர்ந்த மடக்குக் கத்தி ஒன்று என்னிடம் இருந்தது, பெயர் வேண்டாம். பூட்டு தேய்ந்ததும் எழுதிக் கேட்டேன். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், பாகம் கிடையாது, அடுத்த கத்திக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். எனக்குத் தள்ளுபடி எதற்கு? எனக்கு வேண்டியது என் கத்தி.

பூட்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டைட்டானியம் எஃகோடு உரசினால் ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. பழைய செபென்சாக்களில் பூட்டு சில சமயம் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். 31-இல் நாக்கின் நுனியில் ஒரு பீங்கான் குண்டு பதித்திருக்கிறார்கள். அலகைத் தொடுவது அந்தக் குண்டுதான். கத்தி மூடியிருக்கும்போது அலகு தானாகத் திறக்காமல் பிடித்து வைப்பதும் அதே குண்டுதான். ஒட்டுவதும் இல்லை, தேய்வதும் வெகு குறைவு.

---

ஸ்கார்பரோ_வாசி

அண்ணை, கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேணும். மணிக்கட்டை உதறினால் திறக்கிற கத்தி இங்கே தடைசெய்த ஆயுதம். எல்லையில் அதிகாரி உதறிப் பார்ப்பார், திறந்தால் பறிபோகும். கத்தி புதிதாக இறுக்கமாக இருக்கிறது என்பதை நம்பி 500 அமெரிக்க டாலரைத் தபாலில் விடாதீங்கோ. உள்ளூர்க் கடையில் வாங்குவதே நல்லது.

---

குரோய்டன்_தம்பி

லண்டன் நிலைமை இன்னும் மோசம். இங்கே நல்ல காரணம் இல்லாமல் வெளியில் கொண்டுபோகலாம் என்றால், மடக்கும் கத்தியாக இருக்க வேண்டும், கருக்கு 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், பூட்டும் இருக்கக்கூடாது. பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தியை நீதிமன்றங்கள் மடங்காத கத்தியாகவே கருதுகின்றன. பெரியதோ சிறியதோ, செபென்சாவைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. அதே நிறுவனத்தின் பூட்டில்லாத இம்பிண்டாவின் மேல் ஆசைப்பட்டேன், அதன் அலகு 3 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது.

எங்களுக்கு ‘உள்நாடு’ என்றால் ஷெஃபீல்டு. வில்லின் பலத்தில் மட்டும் நிற்கும் பூட்டில்லாத பேனாக்கத்திகளை அங்கே இன்னும் கையால் செய்கிறார்கள். விலையும் கைக்கு எட்டும். தனி இழை போடட்டுமா?

---

கோவைப்பட்டறை

போடுங்கள் தம்பி, வந்து படிக்கிறேன்.

இந்தியாவில் கேட்பவர்களுக்கு: 2016 ஆயுத விதிகளில் கத்திக்குச் சொல்லியிருக்கும் அளவு, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால்தான் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. செபென்சா அந்த அளவுக்கு வெகு கீழே. சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்பது தனிக் கதை. ரயில், விமான நிலையம், கோயில், நீதிமன்றம் பக்கம் எந்தக் கத்தியையும் கொண்டுபோகாதீர்கள்.

---

புதுக்கை

எல்லாவற்றையும் படித்தேன். நான் டெக்சாஸில் படிக்கும் மாணவன். 500 டாலருக்கு எனக்கு வழியில்லை. ஆனால் உள்நாட்டில் செய்த, செய்தவர் பார்த்துக்கொள்ளும் கத்தி என்ற எண்ணம் பிடித்திருக்கிறது. என்ன வாங்கலாம் அண்ணா?

---

சாணைக்கல்

தம்பி, கேள்வியே தேவையில்லை. பக் 110. 1964-இல் வந்த கத்தி, இன்றும் விற்கிறது. கம்பெனி 2005-இல் கலிபோர்னியாவிலிருந்து ஐடஹோவின் போஸ்ட் ஃபால்ஸுக்கு மாறியது, ஆக உன் கத்தியும் செபென்சாவும் ஒரே மாநிலம். பித்தளைத் தலைகள், மரப்பிடி, முதுகில் பூட்டு. எஃகு 420எச்சி, பட்டியலில் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. ஆனால் பதம் வைப்பதில் பேர்போன பால் பாஸ் வகுத்துக்கொடுத்த முறையில் பதம் வைக்கிறார்கள், அந்த எஃகிலிருந்து வாங்க முடிந்தது அத்தனையையும் வாங்கிவிடுகிறார்கள். சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம். நூறு டாலருக்குள் முடிந்துவிடும். கனமான கத்தி, அதனால் பையில் போடாதே, இடுப்பு உறையில் வை. அதே கம்பெனி இறக்குமதி மாடல்களும் விற்கிறது, அலகில் யுஎஸ்ஏ பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இதைச் சொல்லும்போது எனக்கே ஒன்று தோன்றுகிறது. டென்வர்வாசி செபென்சாவுக்குச் சொன்ன காரணம் எல்லாம் இந்தக் கத்திக்கும் பொருந்துகிறது. பிறகு மீதி 400 டாலர் எதற்கு?

---

டென்வர்வாசி

பட்டறை அண்ணா சொன்ன புஷ்ஷுக்கும் வாஷருக்கும், இடக்கையனின் எதிர்ப்பக்கப் பூட்டுக்கும், சாணைக்கல் ஐயா. 110-ஐ நீங்கள் பிரித்து மாட்ட முடியாது, தட்டி அடைத்த ஆணிகள். அது நல்ல கத்தி, என் வீட்டில் அப்பாவுக்கு வாங்கிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

---

சாணைக்கல்

சரி, பிரித்து மாட்டுவதற்கு 400 டாலர் என்று எழுதிவைத்துக்கொள்கிறேன். எனக்கு இன்னும் அதிகமாகத்தான் படுகிறது. உங்கள் கத்தியை ஒருநாள் கிடங்குக்குக் கொண்டுவாருங்கள், என் கத்தியும் உங்களுடையதும் ஒரே அட்டையை அறுக்கட்டும்.

---

டென்வர்வாசி

வருகிறேன். இரண்டையும் ஒரே கல்லில், ஒரே கோணத்தில் தீட்டிவிட்டுத் தொடங்குவோம், இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. பக்கத்துக்கு 17 பாகை உங்களுக்குச் சம்மதமா?

---

சாணைக்கல்

சம்மதம். கல் நான் கொண்டுவருகிறேன்.